வாய்ப்புற்று: வைரஸ் இருந்தது சரி, வைரஸா செய்தது?

வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கமுள்ள 91 பேரின் வாய்ப்புற்றுக் கட்டிகளை எடுத்து, அவற்றில் வைரஸ் இருக்கிறதா என்று தேடினார்கள் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் ஆய்வாளர்கள். 74 சதவீதக் கட்டிகளில் ஹெச்.பி.வி. சிக்கியது. பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்குகிற அதே ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். ஆய்வு வெளியான ஆண்டு 1995.

எட்டு வருடம் கழித்து, 2003-ல் இன்னொரு ஆய்வு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவான ஐ.ஏ.ஆர்.சி., இந்தியா உட்பட ஒன்பது நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வு. தென்னிந்திய நோயாளிகளும் அதில் உண்டு. டான்சில் போன்ற தொண்டைப் பகுதிக் கட்டிகளில் 18.3 சதவீதத்தில் வைரஸ் இருந்தது. கன்னம், ஈறு, நாக்கு என்று வாய்க்குள் வந்த கட்டிகளிலோ வெறும் 3.9 சதவீதம்.

74 எங்கே, 3.9 எங்கே? இரண்டில் எதைப் பிடித்துக்கொள்கிறோமோ அதற்குத் தக்கபடி கதையே மாறிவிடும். முதல் எண்ணைப் பிடித்தவர்கள், "வாய்ப்புற்றுக்கும் வைரஸ்தான் காரணம், தடுப்பூசி போட்டால் தீர்ந்தது" என்று யூடியூபில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஹான்ஸ் புகையிலை போடுகிறவருக்கு அதில் ஓர் ஆறுதல் கிடைத்துவிடுகிறது. ஏற்கெனவே நோயில் விழுந்தவருக்கோ, 'இது பால்வினை வழியாக வருகிற வைரஸாமே' என்று வீட்டில் தலைகுனிவு. அந்த ஆறுதலுக்கும் ஆதாரம் இல்லை, இந்தத் தலைகுனிவுக்கும் ஆதாரம் இல்லை என்பதுதான் கடந்த பதினைந்து, இருபது வருட மரபணு ஆராய்ச்சியைப் படிக்கும்போது தெரிகிறது.

விஷயம் சின்னதல்ல. 2022-ம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி உதடு, வாய்ப் பகுதிப் புற்று புதிதாக வந்தவர்கள் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சத்து 89 ஆயிரம் பேர். அதில் சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம் பேர் இந்தியர்கள். நம் நாட்டு ஆண்களிடம் மிக அதிகமாக வரும் புற்றுநோயே இதுதான்.

முன்வாய் வேறு, தொண்டை வேறு

குழப்பத்தின் வேர் உடற்கூறில் இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்தால் தெரிகிற இடங்கள் உதடு, உள்கன்னம், ஈறு, மேலண்ணம், நாக்கின் முன்பகுதி, நாக்குக்கு அடியில் இருக்கிற தரை. இதுதான் வாய். இதற்குப் பின்னால் டான்சில், நாக்கின் அடிப்பாகம், மென்னண்ணம், தொண்டைச் சுவர் எல்லாம் சேர்ந்த தொண்டையின் மேல்பகுதி தொடங்குகிறது. இடைவெளி சில சென்டிமீட்டர்தான். ஆனால், இந்த இரண்டு இடத்தில் வருகிற புற்றும் இரண்டு வேறு நோய்கள் என்றே சொல்லிவிடலாம்.

ஹெச்.பி.வி.க்குப் பிடித்த இடம் டான்சில். அதன் மேற்பரப்பு வழவழப்பானது அல்ல. உள்ளே ஆழமாகப் போகும் குழிகள் நிறைந்தது. அந்தக் குழிகளின் சுவர் மெல்லியது, இடைவெளி விட்டது. தோலிலும் சளிச்சவ்விலும் அடியாழத்தில் இருக்கும் செல்களைத் தொட்டால்தான் இந்த வைரஸால் குடியேற முடியும்; டான்சில் குழியில் அது சுலபம். வாய்வழி உடலுறவு மூலம் வைரஸ் அங்கே போய்ச் சேருகிறது. பெரும்பாலோருக்கு ஓரிரு வருடங்களில் உடலே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிப்போன சிலருக்கு மட்டும், பல வருடம் கழித்துப் புற்று.

அமெரிக்காவில் இது ஓர் அலையாகவே எழுந்தது. அங்கே தொண்டை மேல்பகுதிப் புற்றில் வைரஸ் உள்ளவற்றின் பங்கு 1980-களின் பிற்பாதியில் 16 சதவீதமாக இருந்தது; 2000-த்தின் தொடக்க வருடங்களில் 72 சதவீதத்தைத் தொட்டது. சிகரெட் குறையக் குறைய, வைரஸ் புற்று முன்னுக்கு வந்தது. நடிகர் மைக்கேல் டக்ளஸ் 2013-ல் பேட்டி கொடுத்து உலகத்தையே இந்த வைரஸைப் பற்றிப் பேச வைத்தார். நமக்கு வந்து சேரும் கட்டுரைகள், வீடியோக்கள் பெரும்பாலும் அந்த அலையின் நுரை. அந்த ஊர்த் தொண்டையைப் பற்றி அவர்கள் சொன்னதை இந்த ஊர்க் கன்னத்துக்கு அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள்.

அதக்கி வைக்கும் இடம்

நம்மூர்க் கதை கன்னத்தில் நடக்கிறது. ஈறும் கன்னமும் சேருகிற பள்ளத்தில் வருகிற புற்றை, புற்றுநோய் அறுவை மருத்துவர்கள் 'இந்தியன் ஓரல் கேன்சர்' என்றே தங்களுக்குள் சொல்வதுண்டு.

ஏன் அந்தப் பள்ளம்? ஹான்ஸ் போடுகிறவரின் கையைப் பார்த்தாலே புரியும். பாக்கெட்டின் ஓரத்தைக் கிழித்து, இடது உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டுகிறார். தேவைப்பட்டால் துளி சுண்ணாம்பு. வலது கட்டைவிரலால் நன்றாகக் கசக்கி, இரண்டு தட்டுத் தட்டித் தூசியைப் பறக்கவிட்டு, மூன்று விரலால் அள்ளி, கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைக்கிறார். அல்லது கடைவாய்ப் பக்கம், கன்னத்துக்குள். வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அரை மணி, முக்கால் மணி அது அங்கேயே ஊறும். நாளைக்குப் பத்துத் தடவை என்றாலும் வைக்கிற இடம் மாறாது. சிலர் தூங்கும்போதும் அதக்கிக்கொள்வார்கள்.

சுண்ணாம்பு சும்மா ருசிக்கு இல்லை. அது கலவையின் காரத்தன்மையைக் கூட்டுகிறது. நிகோடின் சளிச்சவ்வு வழியே வேகமாக உள்ளே இறங்குகிறது. கூடவே பாக்கும் மென்றால், அதில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் அந்தக் காரத்தில் சிதைந்து, செல்லுக்குள் போய் டி.என்.ஏ.வைத் தாக்கக்கூடிய ஆக்சிஜன் துகள்களை வெளியிடுகின்றன. புகையிலையைப் பதப்படுத்தும்போது உருவாகும் நைட்ரோசமைன்கள் இன்னொரு பக்கம் டி.என்.ஏ.வோடு போய் ஒட்டிக்கொள்கின்றன. செல் பிரியும்போது அந்த ஒட்டு இருக்கும் இடத்தில் எழுத்து மாறிப் படியெடுக்கப்படுகிறது. அதுதான் மரபணுப் பிறழ்வு.

இந்தத் தொடர்பு நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் டாக்டர் ஓர், வெற்றிலை பாக்கு மெல்பவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-லேயே 'லான்செட்' இதழில் எழுதிவிட்டார். அப்போது டி.என்.ஏ.வின் வடிவம்கூட யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு எண்கள் வந்தன. சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் ஆகிய மூன்று ஊர்களிலும் 591 வாய்ப்புற்று நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஆண்களுக்கு வந்த வாய்ப்புற்றில் 49 சதவீதத்துக்குப் புகையிலையோடு தாம்பூலம் மெல்வதும், 35 சதவீதத்துக்குப் புகையும் மதுவும் சேர்ந்த கூட்டணியும் பொறுப்பு என்று கணக்கிட்டார்கள். பெண்களிடம் மெல்லும் பழக்கமும் வாய்ச் சுத்தமின்மையும் சேர்ந்து 95 சதவீதத்தை விளக்கிவிட்டன. மிச்சம் 5. வைரஸுக்கு இடம் கொடுப்பதென்றாலும் அந்த ஐந்துக்குள்தான் அது நெருக்கியடித்து உட்கார வேண்டும்.

வம்சத்தில் யாருக்கும் இல்லையே!

"எங்க வம்சத்துலயே யாருக்கும் கிடையாதே, டாக்டர்." புற்றுநோய் வார்டுகளில் தினமும் ஒலிக்கிற வாக்கியம் இது. மரபணுப் பிறழ்வு என்றதும் அப்பா, தாத்தா வழியாக வந்தது என்றே நினைத்துக்கொள்கிறோம். ஃபேன்கோனி அனீமியா மாதிரி அபூர்வமான பரம்பரை நோய்களில் வாய்ப்புற்று அபாயம் மிக அதிகம் என்பது உண்மை. அவர்களை விட்டுவிட்டால், வாய்ப்புற்றில் பழுதாகும் மரபணுக்கள் பிறக்கும்போது நன்றாகவே இருந்தவை. கன்னத்தில் இருக்கும் செல்களில் மட்டும், பழக்கம் தொடங்கிய பிறகு, வருடக்கணக்கில் ஒன்றன் பின் ஒன்றாகப் பழுதானவை. பிள்ளைகளுக்கு அவை போகாது.

எந்த மரபணுக்கள்? முதல் பெயர் டிபி53. பி53 என்ற புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு இதில் இருக்கிறது. செல்லின் டி.என்.ஏ.வில் சேதம் என்றால் பி53 அந்தச் செல் பிரிவதை நிறுத்திவைக்கும். சரிசெய்ய நேரம் கொடுக்கும். சரியாகாது என்றால் செல்லையே சாகச் செய்துவிடும். இந்த மரபணு பழுதானால் சேதத்தோடேயே செல் பிரியத் தொடங்கும். அடுத்தது சிடிகேஎன்2ஏ. இது பி16 என்ற புரதத்துக்கான மரபணு. செல் சுழற்சியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது இதன் வேலை.

அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 279 தலை, கழுத்துப் புற்றுக் கட்டிகளை அலசி 2015-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. புகையோடு தொடர்புள்ள கட்டிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் டிபி53 செயலிழந்திருந்தது, சிடிகேஎன்2ஏ-வும் போயிருந்தது. வைரஸ் இருந்த 36 கட்டிகளின் கோலமே வேறு. டிபி53 கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பதிலாக பிக்3சிஏ மரபணுவில் பிறழ்வுகள்.

இந்தியா தன் பங்குக்குச் செய்தது இன்னும் சுவாரசியம். புற்றுநோய் மரபணுக்களை ஆராயப் பல நாடுகள் கூட்டுச் சேர்ந்து வேலையைப் பங்கிட்டுக்கொண்டபோது, இந்தியா எடுத்துக்கொண்டது நம்முடைய இதே ஈறு-கன்னப் புற்றைத்தான். மேற்கு வங்கத்தின் கல்யாணியில் இருக்கும் தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் மும்பை டாடா நினைவு மையத்தின் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து 110 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டன. டிபி53, ஃபேட்1, காஸ்ப்8, ஹெச்ராஸ், நாட்ச்1 ஆகிய ஐந்தும் வெளிநாட்டு ஆய்வுகளில் ஏற்கெனவே பிடிபட்டவை. இவற்றோடு யூஎஸ்பி9எக்ஸ், எம்எல்எல்4, ஏரிட்2, அன்க்13சி, டிஆர்பிஎம்3 என்று புதிதாக ஐந்து பெயர்கள் இந்தியக் கட்டிகளில் கிடைத்தன. படிக்கிறவருக்கு இந்தப் பெயர்கள் மனதில் நிற்க வேண்டியதில்லை. காஸ்ப்8 மட்டும் நிற்கட்டும். கெட்டுப்போன செல் தானாகவே செத்துவிடும் ஏற்பாட்டில் அது ஒரு முக்கியக் கண்ணி. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தினர், கர்நாடகத்தில் கடிப்புடி எனும் மெல்லும் புகையிலைப் பழக்கமுள்ள பெண்களின் வாய்ப்புற்றை அண்மையில் அலசியபோதும் இந்த காஸ்ப்8 முன்னணியில் வந்து நின்றது.

பிறழ்வுகள் கட்டிக்குள் மட்டும் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்லாட்டர் என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் 1953-ல் கவனித்தார்கள்: வாய்ப்புற்றுக் கட்டியைச் சுற்றி, கண்ணுக்கு ஆரோக்கியமாகத் தெரியும் சளிச்சவ்விலும் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. வயல் முழுக்க விதை விழுந்துகிடக்கிறது. முளைத்த இடத்தை மட்டும் நாம் பார்க்கிறோம். கட்டியைச் சுத்தமாக வெட்டி எடுத்த பிறகும் சில வருடத்தில் எதிர்க் கன்னத்தில் இன்னொரு கட்டி வருவது இதனால்தான். ஆபரேஷன் முடிந்து புண் ஆறியதும் மறுபடி பாக்கெட்டைக் கிழிக்கிறவர்களை நினைத்து மருத்துவர்கள் நொந்துகொள்வதும் இதனால்தான்.

வைரஸின் கைவேலை

வைரஸ் என்ன செய்கிறது? விசித்திரம் என்னவென்றால், புகையிலை எந்த இரண்டு காவலைக் கெடுக்கிறதோ அதே இரண்டு காவலைத்தான் வைரஸும் கெடுக்கிறது. வழி மட்டும் வேறு.

ஹெச்.பி.வி.யில் 200-க்கும் மேற்பட்ட வகைகள். தொண்டைப் புற்றில் பெரும்பாலும் 16-ம் எண். இந்த வைரஸ் செல்லுக்குள் குடியேறியதும் இ6, இ7 என்று இரண்டு புரதங்களைத் தயாரிக்கிறது. இ6 நேராகப் போய் பி53 புரதத்தைப் பிடித்து, செல்லின் கழிவு அகற்றும் அமைப்பிடம் ஒப்படைத்துவிடுகிறது. இ7, பி16-ன் அதே கட்டுப்பாட்டு வழியில் இருக்கும் ஆர்பி என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. டிபி53 மரபணு அப்படியே பத்திரமாக இருக்கிறது. அது செய்கிற புரதம்தான் செய்யச் செய்யக் காலியாகிறது.

நோயாளிக்கு இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. மரபணு அழியாமல் இருப்பதால், கரண்ட் வைக்கும்போது (ரேடியேஷனை நம் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்) வைரஸ் கட்டிகள் சீக்கிரம் மடிகின்றன என்பது ஒரு விளக்கம். 2010-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வில், தொண்டை மேல்பகுதிப் புற்றில் வைரஸ் இருந்தவர்களில் 82 சதவீதத்தினர் மூன்று வருடம் தாண்டியும் உயிரோடு இருந்தார்கள். வைரஸ் இல்லாதவர்களில் 57 சதவீதம். புற்றுநோய் ரிப்போர்ட்டில் 'வைரஸ் இருக்கிறது' என்ற வரி நல்ல செய்தியாக இருக்கும் அபூர்வ இடங்களில் இதுவும் ஒன்று.

கருப்பை வாய்ப் புற்றுக்கு ஹெச்.பி.வி. காரணம் என்று காட்டிய ஜெர்மானியர் ஹரால்ட் சுர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. தொண்டைப் புற்றையும் வைரஸையும் உறுதியாக முடிச்சுப் போட்டது, மவுரா கில்லிசன் தலைமையில் 2000-ல் வந்த ஆய்வு. இந்த இரண்டு முடிவுகளும் 'கன்னத்துப் புற்றுக்கும் இதுதான்' என்று சொல்லவில்லை. அதைச் சொல்வது நாம்தான்.

பழுப்பு நிறச் சாயம்

வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க நம் மருத்துவமனைகளில் பரவலாகச் செய்யப்படும் சோதனை, வைரஸையே பார்ப்பதில்லை. அது பி16 புரதத்தைப் பார்க்கிறது.

மெழுகில் உறைய வைத்த கட்டியிலிருந்து சில மைக்ரான் தடிமனுக்கு ஒரு துணுக்கைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். பி16-ஐத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றி, சாயம் ஏற்றுகிறார்கள். பி16 நிறைய இருந்தால் செல் மொத்தமும் அடர் பழுப்பாகத் தெரியும். இல்லாத செல்லில் அணுக்கருவின் நீலம் மட்டும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பேத்தாலஜிஸ்ட், 70 சதவீதத்துக்குக் குறையாத செல்களில் அடர் பழுப்பு இருந்தால் 'பி16 பாசிட்டிவ்' என்று எழுதுவார். செலவு குறைவு, ஒரே நாளில் முடியும்.

இதன் தர்க்கம் அழகானது. ஆர்பி புரதம் சரியாக இருக்கும்வரை அது பி16 உற்பத்தியை அடக்கி வைத்திருக்கும். வைரஸின் இ7 அந்த ஆர்பியை முடக்கியதும், தடுக்க ஆளில்லாமல் பி16 பெருகி வழிகிறது. ஆகவே பி16 வழிந்தால், வைரஸ் வேலை செய்கிறது. புகையிலைக் கட்டியிலோ பி16-க்கான சிடிகேஎன்2ஏ மரபணுவே காணாமல் போயிருக்கும். ஒரே புரதம், ஒரு நோயில் இல்லாமல் போகிறது, இன்னொன்றில் கொட்டிக் கிடக்கிறது.

ஆனால், இந்தத் தர்க்கம் டான்சிலுக்கும் நாக்கின் அடிப்பாகத்துக்கும் மட்டுமே ஓரளவு நம்பகமானது. அங்கேயே கூட, பல நாடுகளின் 7,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தகவலை ஒன்றுசேர்த்து 2023-ல் 'லான்செட் ஆங்காலஜி'யில் வந்த ஆய்வில், சுமார் 9 சதவீதம் பேருக்கு பி16 சொன்னதும் வைரஸ் சோதனை சொன்னதும் ஒத்துப்போகவில்லை. கன்னத்துப் புற்றில் வைரஸ் இல்லாமலேயே வேறு காரணங்களால் பி16 கூடலாம். அதனால்தான் அமெரிக்க நோயியல் மருத்துவர்களின் கல்லூரி 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொண்டை மேல்பகுதி அல்லாத தலை, கழுத்துப் புற்றுகளுக்கு வழக்கமாக இந்தச் சோதனை வேண்டாம் என்கிறது.

என் அபிப்பிராயம் இதில் கறாரானது. உள்கன்னத்தில் வந்த கட்டிக்கு பி16 சோதனை செய்து, பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் கையில் கொடுத்து, அதற்கு அர்த்தம் சொல்லாமல் அனுப்புவது நோயாளிக்குச் செய்கிற உபகாரம் அல்ல. அவர் அதைக் கூகுளில் தேடுவார். 'பி16 பாசிட்டிவ் என்றால் நல்ல நோய்' என்று படிப்பார். அது தொண்டைக்குச் சொன்னது.

அந்த 74

சரி, அப்படியானால் 1995 ஆய்வு பொய்யா? இல்லை. அவர்கள் பார்த்தது வைரஸின் டி.என்.ஏ. கட்டிக்குள் இருக்கிறதா என்பதை. பி.சி.ஆர். என்ற முறை, ஒரு துளி வைரஸ் டி.என்.ஏ. இருந்தாலும் அதைக் கோடிக்கணக்காகப் பெருக்கிக் காட்டிவிடும். எந்த முறையில், எந்த அளவு நுண்மையாகத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே எண் கூடும், குறையும். ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேஜை மாதிரியிலிருந்து ஒரு துளி கலந்தாலும் போதும். அதோடு, ஆரோக்கியமான வாயிலும் இந்த வைரஸ் வந்து போகும். அமெரிக்காவில் பொதுமக்களைக் கொப்பளிக்கச் சொல்லிச் சோதித்தபோது 6.9 சதவீதம் பேரின் வாயில் ஏதாவது ஒரு ஹெச்.பி.வி. இருந்தது. புகையிலையும் பாக்கும் அரித்துப் புண்ணாக்கிய சளிச்சவ்வில் வைரஸ் நுழைவது இன்னும் சுலபமாக இருக்கலாம். ஆக, புற்று வந்த வாயில் வைரஸ் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

வைரஸ் அங்கே வேலை செய்ததா என்பதுதான் கேள்வி. செய்திருந்தால் இ6, இ7 புரதங்களைத் தயாரிப்பதற்கான ஆர்.என்.ஏ. அந்தச் செல்லுக்குள் கிடைக்க வேண்டும். உடலில் இவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்க வேண்டும். டிபி53 பழுதாகாமல் இருக்க வேண்டும். இந்தக் கறாரான அளவுகோல்களை வைத்துப் பார்க்கப் பார்க்க, உலகெங்கும் வாய்ப்பகுதிக் கட்டிகளில் வைரஸின் பங்கு ஒற்றை இலக்கத்துக்கு வற்றிக்கொண்டே வந்தது. நம் கன்னத்துக் கட்டிகளில் அடிக்கடி பழுதாகிக் கிடக்கும் மரபணுவும் டிபி53-தான். வைரஸ் செய்திருந்தால், அந்த மரபணுவைப் பழுதாக்க வேண்டிய தேவையே கட்டிக்கு இருந்திருக்காது.

ஒற்றை இலக்கம் என்றாலும் சூன்யம் அல்ல. பழக்கம் எதுவுமே இல்லாமல் வாய்ப்புற்று வருகிறவர்கள் உண்டு; நாக்கின் ஓரத்தில், இளம் வயதில்கூட வருகிறது. அவர்களில் பலரிடமும் வைரஸ் கிடைப்பதில்லை என்பதுதான் ஆய்வாளர்களைக் குடைந்துகொண்டிருக்கிறது.

'பாக்கு மட்டும்தான்'

புகையிலையை மட்டும் திட்டிவிட்டுப் பாக்கை விட்டுவிட்டால் கட்டுரை அரைகுறை. ஐ.ஏ.ஆர்.சி. 2003-ல் நிபுணர் குழுவைக் கூட்டி, புகையிலை கலக்காத தாம்பூலத்தையும், பாக்கைத் தனியாகவும்கூட மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருட்கள் என்று முதல் வரிசையில் சேர்த்துவிட்டது. கல்யாண வீட்டுத் தட்டில் இருப்பதைச் சொல்லவில்லை. தினமும் பலமுறை, வருடக்கணக்கில் மெல்வதைச் சொல்கிறேன்.

பாக்கு தரும் தனி வேதனை, வாய் இறுகிப்போவது. பாக்கில் இருக்கும் அரிக்கோலின், சளிச்சவ்வுக்கு அடியில் நார்த்திசுவை மேலும் மேலும் உண்டாக்குகிறது. முதலில் காரம் சாப்பிட்டால் எரியும். பிறகு கன்னத்துக்குள் கயிறு மாதிரிப் பட்டைகள் கையில் தட்டுப்படும். வாய் திறப்பது குறையும். தன் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடியாவிட்டால் பல் மருத்துவரிடம் போக வேண்டும். எர்ணாகுளத்தில் இந்த நோயாளிகளை 17 வருடம் தொடர்ந்து பார்த்ததில் 7.6 சதவீதம் பேருக்கு அது புற்றாக மாறியது. பாக்கெட்டில் அடைத்த பான் மசாலா கடைகளில் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்த பிறகு, வாய் இறுகிப் போய் வருகிறவர்களின் வயதும் இறங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா, பான் மசாலாவுக்குத் தடை. தடை எப்படி அமலாகிறது என்பதற்குத் தனி விசாரணை வேண்டாம். கேட்கிற மாதிரி கேட்டால் கிடைக்கிறது.

மருந்தாக மாறுமா இந்த அறிவு?

வைரஸ் கட்டிகள் நன்றாக மடிகின்றன என்றால், அவர்களுக்குச் சிகிச்சையின் கடுமையைக் குறைக்கலாமே என்று யோசித்தார்கள். சிஸ்பிளாட்டின் என்ற கடுமையான கீமோவுக்குப் பதில் செடுக்சிமாப் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகளும் 2018 கடைசியில் வந்தன. மென்மையான மருந்து கொடுக்கப்பட்டவர்களில் அதிகம் பேருக்கு நோய் திரும்பியது. அதிகம் பேர் இறந்தார்கள். வைரஸ் புற்று என்று வகைப்படுத்தப்பட்ட தொண்டை நோயாளிகளிலேயே இந்தக் கதி. கன்னத்தில் வந்து, பி16 சாயத்தை மட்டும் நம்பி, 'எனக்குக் கம்மியாகக் கொடுங்கள்' என்று கேட்பது எவ்வளவு ஆபத்து!

மரபணு பக்கமும் சங்கடம்தான். டிபி53, சிடிகேஎன்2ஏ, ஃபேட்1, நாட்ச்1 எல்லாம் இந்தப் புற்றில் செயலிழந்துபோகிற மரபணுக்கள். அளவுக்கு மீறி வேலை செய்யும் புரதத்தை மருந்தால் அடக்கலாம். இல்லாமல் போனதை எப்படி அடக்குவது? திரும்பக் கொடுக்க வேண்டும். அதற்கும் ஒரு முயற்சி நடந்தது, அதுவும் வைரஸை வைத்தே. ஜலதோஷம் தரும் அடினோ வைரஸுக்குள் நல்ல பி53 மரபணுவை வைத்துக் கட்டிக்குள் ஊசியாகப் போடும் 'ஜென்டிசின்' என்ற மருந்துக்குச் சீனா 2003-ல் அனுமதி கொடுத்தது. சந்தைக்கு வந்த உலகின் முதல் மரபணு சிகிச்சை அது. தலை, கழுத்துப் புற்றுக்காகத்தான். மற்ற நாடுகள் அதன் பலனில் திருப்தியடையவில்லை; பின்தொடரவும் இல்லை. ஹெச்ராஸ் மட்டும் விதிவிலக்கு: அது அளவுக்கு மீறி வேலை செய்கிற வகை. அதைக் குறிவைக்கும் டிபிஃபார்னிப், 2021-ல் வெளியான சிறிய ஆய்வில், அந்தப் பிறழ்வு அதிகமாக இருந்த 20 பேரில் 11 பேரின் கட்டியைச் சுருக்கியது. ஆனால், அந்தப் பிறழ்வு இருப்பவர்கள் கொஞ்சம் பேர்.

இன்றைக்கு உயிரைக் காப்பாற்றுவது கத்திதான். சிறிய கட்டியாக இருக்கும்போதே, கழுத்தில் நெறி தெரியாவிட்டாலும் கழுத்து நிணநீர் முடிச்சுகளைச் சேர்த்து எடுத்துவிட்டால் மூன்று வருடம் தாண்டுகிறவர்கள் 80 சதவீதம், நெறி வந்த பிறகு எடுத்தால் 67.5 சதவீதம் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-ல் நிரூபித்தது. உலகமே அதைப் பின்பற்றுகிறது. முற்றிய நோய்க்கு, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நிவோலுமாப் என்ற மருந்தைக் கொடுத்து, மாத்திரை கீமோவோடு சேர்த்து, ஒரு வருடம் தாண்டியவர்களை 16-லிருந்து 43 சதவீதமாக உயர்த்திக் காட்டியதும் அவர்கள்தான். விலைக்கு அஞ்சி மருந்தையே விட்டுவிடும் நாட்டில் இது பெரிய சாதனை.

ஊசியும் டார்ச்சும்

ஹெச்.பி.வி. தடுப்பூசி போடலாமா? கட்டாயம் போடலாம். கருப்பை வாய்ப் புற்றைத் தடுப்பதற்காகவே போடலாம். கோஸ்டாரிகாவில் ஊசி போட்ட பெண்களிடம் நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது வாயில் ஊசி குறிவைக்கும் வைரஸ் வகைகளின் தொற்று 93 சதவீதம் குறைந்திருந்தது. சீரம் நிறுவனத்தின் 'செர்வாவேக்' 2023-ல் வந்துவிட்டது. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகத் தடுப்பூசி போடப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. தொண்டைப் புற்று ஆண்களுக்கே அதிகம் என்பதால் பையன்களுக்கும் போட வேண்டும் என்று வாதிடுவோர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால், ஊசி போட்டுக்கொண்ட பையன் கன்னத்தில் அதக்கினால், அந்த ஊசி நைட்ரோசமைனை ஒன்றும் செய்யாது.

கன்னத்துக்கு வேண்டியது டார்ச்தான். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கி, சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வெள்ளைப் படலம், சிவப்புப் படலம், ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவ்வளவுதான். புகை, மெல்லும் புகையிலை, மது ஆகிய பழக்கங்கள் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005-ல் 'லான்செட்' எழுதியது.

தமிழ்நாட்டில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் 2023 நவம்பரில் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் மார்பகம், கருப்பை வாயோடு வாயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. வாய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதில்லை, ஸ்கேன் இல்லை, முன்பதிவு இல்லை. இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இருப்பவர் மாவட்டம் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் எந்தப் பல் மருத்துவரும் பார்த்துச் சொல்வார், தேவைப்பட்டால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பரவாது.